வீட்டில் லைற் எரிந்தால் அது நாங்கள் இல்லை

நாலு வருடத்துக்கு முன் ஒரு மார்கழி மாதம், கொழும்பில் ஒரு கலியாணத்துக்கு என்று குடும்பத்தோடு போயிருந்த மூன்று நாளுக்குள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் எங்கள் வீட்டில் களவு போனது. ஒரு சங்கிலி, ஒரு லப்டொப், குசினியில் இருந்த காஸ் சிலிண்டர், கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டர். சாமான் போனதைவிட, திரும்பி வந்த அன்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "முந்தநாள் ராத்திரி உங்கட வீட்டில லைற் எரிஞ்சது தம்பி. நீங்கள் வந்திட்டீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

அக்காவில் ஒரு பிழையும் இல்லை. எப்போது போகிறோம், எப்போது வருகிறோம் என்று நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. கள்ளன் எங்கள் வளவுக்குள் கிடந்த அலவாங்கை எடுத்து, எங்கள் குசினிக் கதவைக் கெம்பித் திறந்து, எங்கள் லைற்றையே போட்டு ஆறுதலாக வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்குப் பிறகு ஒழுங்கையில் உள்ள ஒன்பது வீடும் சேர்ந்து செய்ததையும், செய்து பார்த்துக் கைவிட்டதையும் இங்கே எழுதுகிறேன். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. ஒரு நாள் இரவு 8 மணிக்குப் பிறகு, வீட்டு லைற் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, திறப்பு இல்லாமல் உங்கள் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். வீட்டுக்குள் போக வேண்டும் என்றால் எந்த வழியால் போவீர்கள்? மதிலோடு சாய்த்து வைத்த ஏணி, தண்ணீர் பிடிக்கிற பீப்பாய், ஏசியின் வெளிப்பெட்டி, மதிலுக்கு மேலால் போகிற ஜம்பு மரக் கொப்பு, குளியலறையின் கண்ணாடித் தட்டு யன்னல் (அந்தத் தட்டுகளைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக உருவி எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது), எல்லாம் அப்போது வரிசையாகக் கண்ணில் படும். அலவாங்கு, மண்வெட்டி, கோடாலி, ஏணி நாலையும் இரவில் வெளியில் விடாதீர்கள். ஏணியை உள்ளே கொண்டுபோக இடமில்லை என்றால் கிடையாகப் போட்டு ஒரு மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். வெறுங்கையோடு வருகிறவனுக்கு ஆயுதம் கொடுப்பது பெரும்பாலும் நாங்கள்தான்.

அடுத்தது கதவு. எங்கள் ஊரில் முன்கதவுக்குத் தேக்குப் பலகை, பித்தளைக் கைபிடி, விலையான பூட்டு எல்லாம் போடுவோம். குசினிக் கதவுக்கு மட்டும் மெல்லிய பலகையும் சின்னி விரல் அளவு கொண்டியும். கள்ளன் முன்கதவுக்கு ஏன் வரப்போகிறான்? பின்கதவுக்கு உட்பக்கமாக ஒரு குறுக்குச் சட்டம் போடுங்கள், சுவரில் பதித்த இரும்புக் கொளுக்கியில் இரண்டு பக்கமும் தாங்கி நிற்கிற மாதிரி. தச்சரிடம் சொன்னால் அரை நாள் வேலை. கொண்டியையும் பிணைச்சலையும் பிடித்திருக்கிற ஆணிகளைக் கழற்றிப் பாருங்கள், அரை அங்குலம்தான் இருக்கும். அவற்றை மாற்றி 3 அங்குல ஸ்குரூ போடுங்கள். வெளியே திறக்கிற கதவு என்றால் பிணைச்சலின் ஊசி வெளிப்பக்கம் இருக்கும், அதைத் தட்டிக் கழற்றிவிட்டால் பூட்டு பூட்டியபடியே இருக்கக் கதவு கையோடு வந்துவிடும். அந்த ஊசியின் தலையை ஒட்டுக்காரரைக் கொண்டு வெல்டிங் அடித்துவிடுங்கள்.

இனி எங்கள் ஊருக்கே உரிய பிரச்சினை, உப்புக் காற்று. கடலில் இருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கிற வீட்டில், பூச்சுப் போடாத கிறில் கம்பி கொஞ்ச வருடத்தில் அடிப்பக்கத்தால் இற்றுப்போகும். மேலே வடிவாகப் பெயின்ற் இருக்கும், கீழே சீமெந்தோடு சேருகிற இடத்தில் கையால் முறிக்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை, மாரி மழை தொடங்க முதல், புரட்டாசிக்குள்ளே கிறில்களைத் தட்டிப் பார்த்து, துருவைச் சுரண்டி, ரெட் ஒக்சைட் அடித்து, அதன் மேல் பெயின்ற் பூசுங்கள். ஆமைப்பூட்டு வாங்கும்போது உடல் பித்தளையாகவும் வளையம் துருப்பிடிக்காத உருக்காகவும் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மலிவு இரும்புப் பூட்டு ஒரு மாரியோடு இறுகிவிடும், பிறகு "சும்மா கொளுவி விடுவம்" என்று பூட்டாமலே தொங்கவிடப் பழகிவிடுவோம். பூட்டைவிட அது தொங்குகிற கொண்டியைத்தான் முறுக்கி உடைப்பார்கள் என்பதால் கொண்டிக்கும் தடித்த தகடு வேண்டும்.

கிறில் போடுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். வீட்டுக்குள் இருப்பவர்கள் அவசரத்துக்கு வெளியே வரவும் வேண்டும். நெருப்புப் பிடித்தாலோ, 2004 மாதிரிக் கடல் வந்தாலோ, திறப்பு எந்த லாச்சியில் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. யன்னலால் கைவிட்டு எடுக்க முடியாத தூரத்தில், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் திறப்பு தொங்கட்டும். பிள்ளைகளையும் ஒரு தடவை இருட்டில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சென்சர் லைற்றைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். நல்ல சாமான்தான், ஆனால் மான்கள் திரிகிற கோட்டைப் பக்கம், கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது மான் வந்ததைச் சொல்கிற லைற்றாகத்தான் இருக்கும். ராத்திரி பத்துத் தடவை மானுக்கு எரிந்தால் பதினோராவது தடவை யார் எழும்பிப் பார்ப்பார்கள்? தெருவைப் பார்க்க வைக்காமல், மதிலுக்கு உள்ளே, பின்கதவுக்கும் கிணற்றடிக்கும் மட்டும் தெரிகிற மாதிரிக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் தூணில் இலக்கம் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, உங்கள் பகுதி எந்தச் சபைக்குள் வருகிறதோ அங்கே எழுத்தில் கொடுங்கள், நாலு வீட்டார் கையெழுத்தோடு. வாயால் சொன்னது வாயோடு போகும்.

கமரா பூட்டுகிறீர்களா, பூட்டுங்கள், ஆனால் கூரை உச்சியில் வைத்தால் தொப்பியும் தலைமுடியும்தான் பதியும். கேற்றடியில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, முகம் விழுகிற இடத்தில் ஒன்று இருந்தால் போதும். பதிவுப் பெட்டியை ரிவிக்குக் கீழே வைக்காதீர்கள், கள்ளன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான். மழைக்காலத்தில் கரண்ட் நின்றால் எல்லாம் குருடு, அதனால் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் கொடுங்கள். கண்ணாடியில் உப்பு படியும், சிலந்தி வலை பின்னும், மாதம் ஒரு தடவை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். முக்கியமாக, அடுத்த வீட்டுக் கிணற்றடியோ குளிக்கிற இடமோ கமராவுக்குள் வரக்கூடாது. எங்கள் ஒழுங்கையில் ஒரு கமரா இதனாலேயே இரண்டு வீட்டைப் பேசாமல் ஆக்கியது, பேசாத அயலைவிடக் கள்ளனுக்கு வசதி வேறு என்ன?

இவ்வளவும் செய்தாலும் பூட்டு செய்கிற வேலை ஒன்றுதான்: ஐந்து நிமிட வேலையைக் கால் மணி நேரமாக இழுப்பது. அந்தக் கால் மணி நேரத்துக்குள் யாராவது எட்டிப் பார்க்காவிட்டால் செலவழித்த காசு வீண். ஆகவே மிச்சமெல்லாம் அயலட்டையைப் பற்றியது.

யுத்தகாலத்தில் ஒழுங்கைக்குள் ஒரு புது முகம் வந்தால் எல்லோருக்கும் தெரியும், தெரியாமல் இருக்க முடியாத காலம் அது. அது முடிந்ததும் அப்படிப் பார்த்துப் பார்த்தே களைத்துப்போன சனம் யன்னலை மூடிக்கொண்டது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் "யாரைப் பார்க்க வந்தனீங்கள்?" என்று சிரித்த முகத்தோடு ஒரு கேள்வி கேட்பது வேவு பார்ப்பது இல்லை. உண்மையாக வழி தவறியவருக்கு அது உதவி, நோட்டம் பார்க்க வந்தவனுக்குத் தன் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டார் என்ற செய்தி.

ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இடமும் வலமும் எதிரும் உள்ள மூன்று வீட்டுக்கு மட்டும் சொல்லுங்கள். சொல்லும்போது வெறுமனே "போட்டு வாறம்" என்று சொன்னால் காணாது. எங்கள் ஒழுங்கையில் இப்போது சொல்வது இதுதான்: "ஞாயிறு பின்னேரம்தான் வருவோம், முந்தி வந்தால் கேற்றடியில் நின்று போன் எடுப்போம். அதுக்கு முதல் வீட்டில் லைற் எரிந்தால் அது நாங்கள் இல்லை." இந்தக் கடைசி வரிதான் வேலை செய்யும்.

வட்ஸ்அப் குழு தொடங்குவது லேசு, உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். காலை வணக்கமும் பூப்படமும் வந்தால் ஒரு கிழமையில் எல்லோரும் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள், பிறகு நடுச்சாமத்தில் நீங்கள் அடித்தாலும் யாருக்கும் கேட்காது. அவசரத்துக்கு என்று தனியாக ஒரு குழு வைத்து, அதில் வேறு எதுவும் போடுவதில்லை என்று முதல் நாளே முடிவெடுங்கள். எங்கள் ஒழுங்கையில் தமிழர், முஸ்லிம்கள், ஒரு சிங்களக் குடும்பம் எல்லோரும் இருக்கிறோம், ஒருவர் எழுத்து மற்றவருக்கு வாசிக்க வராது, ஆனால் பேசினால் விளங்கும், ஆகவே குரல் பதிவு மட்டும். அதோடு, இரவுச் செய்தியைப் பார்க்காதவர்களும் அழைப்பு மணிக்கு எழும்புவார்கள் என்பதால் ஒவ்வொருவரும் அடுத்த இரண்டு வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டும் என்று சங்கிலி மாதிரி ஒரு ஒழுங்கு. போன் பாவிக்காத வயதானவர்களின் கட்டில் தலைமாட்டில் ஒரு விசில். தனியாக இருக்கிற அம்மா அப்பாவைக் கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு நினைத்துக் கவலைப்படுகிறவர்கள், கமராவுக்கு முதல் அந்த விசிலை வாங்கி அனுப்பலாம்.

நாய்க்கு ஒரு விதி. நாய் குரைப்பதில் குறையில்லை, நாங்கள் எழும்பாததில்தான் குறை. தொடர்ந்து குரைத்தால் கதவைத் திறக்க வேண்டாம், விறாந்தை லைற்றைப் போடுங்கள், அவ்வளவுதான். ஒரு வீட்டில் போட்டதைப் பார்த்து அடுத்த வீட்டிலும் போட்டால் ஒழுங்கை முழுக்க வெளிச்சமாகிவிடும். உங்கள் பக்கத்தில் சாமத்தில் முழித்திருப்பவர்கள் யார் என்றும் தெரிந்து வையுங்கள். விடிய முதல் கடலுக்குப் போகிற தொழிலாளிகள், சுபஹுத் தொழுகைக்கு நடந்து போகிறவர்கள், பேக்கரிக்காரர், கோயில் ஐயர். அவர்களிடம் உங்கள் நம்பர் இருக்கட்டும்.

வீடு வெறுமையாகிற நாட்களைக் கள்ளனும் கலண்டரில் பார்ப்பான். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வருகிற இரவுகளில் ஊரே நிறைகுடம் வைத்துத் தெருவில் நிற்கும், பின்வளவில் ஒருத்தரும் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்குப் போன படத்தை அங்கே நின்றே முகநூலில் போடாதீர்கள், வந்து போட்டாலும் முருகன் கோபிக்கமாட்டார். கலியாண வீட்டு முகூர்த்த நேரம் அழைப்பிதழிலேயே இருக்கிறது, ஆகவே வீட்டில் ஒருவரை நிறுத்துங்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் வெக்கை தாங்காமல் யன்னலைத் திறந்து வைத்துப் படுப்போம், அப்போது போனையும் கைப்பையையும் யன்னலோரம் வைக்காதீர்கள், தடியும் கொளுக்கியும் போதும் அதை எடுக்க. வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீட்டுக்கு, கிழமைக்கு இரண்டு தரம் ஒருவர் போய் முற்றம் கூட்டி, விழுந்த தென்னோலையையும் கேற்றில் செருகிய பில்லையும் எடுக்க வேண்டும்.

நகை. அரிசி வாளி, சேலை அடுக்கு, சுவாமிப் படத்துக்குப் பின்னால். நீங்கள் ஒளித்த இடம் இந்த மூன்றில் ஒன்று என்றால் கள்ளனுக்கும் அது தெரியும். போடாத நகை வங்கிப் பெட்டகத்துக்குப் போகட்டும். வீட்டில் இருப்பதை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து எத்தனை பவுண் என்று எழுதி வையுங்கள், காணி உறுதிக்கும் அடையாள அட்டைக்கும் பிரதி எடுத்து வேறு வீட்டில் கொடுங்கள். போனில் *#06# அடித்தால் வருகிற, அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கத்தையும் எழுதி வைத்தால் முறைப்பாடு கொடுக்கும்போது உதவும்.

களவு நடந்துவிட்டது என்றால் உள்ளே போகாதீர்கள், கூட்டித் துடைக்காதீர்கள். நான் செய்த மடவேலை அது, பொலிஸ் வர முதல் அலுமாரியைத் தொட்டு அடுக்கிவிட்டேன், கைரேகை எடுக்க வந்தவருக்கு என் கைரேகைதான் கிடைத்திருக்கும். 119க்கு எடுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாமல் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தையும் வாங்கி வாருங்கள். கள்ளன் உள்ளே இருக்கும்போது முழித்துவிட்டீர்கள் என்றால் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சத்தம் போடுங்கள், ஓடுகிறவனை ஓட விடுங்கள். பிடிபட்டாலும் கட்டி வைத்து அடிக்க வேண்டாம். 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வருகிறார்கள் என்ற கிறீஸ் பூதம் கதை கிழக்கு முழுக்கப் பரவியபோது, வழியில் போன அப்பாவிகள் எத்தனை பேர் அடி வாங்கினார்கள் என்பதை நாங்கள் பார்த்தோம். சந்தேகப்பட்ட ஆளின் படத்தைக் குழுவில் போட்டுப் பரப்புவதும் அதே வேலைதான்.

போன ஐப்பசியில் கொழும்பில் அலுவல் ஒரு நாள் முந்தியே முடிந்துவிட, இரவு பஸ் எடுத்து விடியப்புறம் நாலு மணிக்கு வந்து இறங்கினேன். அந்த நேரத்தில் யாரை எழுப்புவது என்று போன் எடுக்காமல், மெதுவாகக் கேற்றைத் திறந்து உள்ளே போய் லைற்றைப் போட்டதுதான் தாமதம், பக்கத்து வீட்டு விறாந்தை லைற் எரிந்தது, பிறகு எதிர் வீடு, பிறகு ஒழுங்கை முடிவு வரைக்கும். விசிலும் ஊதினார்கள். மதிலுக்கு மேலால் ரோச் அடித்த அக்கா என் முகத்தைக் கண்டதும் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.