பால் மறந்த கிடேரிக் கன்றுகளை ஒரே பண்ணையாளருக்குத் தொடர்ந்து விற்கும் முறை

ஐந்து முதல் பத்துக் கறவை மாடுகள் வைத்திருக்கும் ஒரு குடும்பப் பண்ணையில், ஆண்டுதோறும் இரண்டு மூன்று கிடேரிக் கன்றுகளாவது, அதாவது பெண் கன்றுகளாவது, தேவைக்கு மேல் நிற்கும். அவை அனைத்தையும் சினைப் பருவம் வரை வளர்ப்பதற்கான தீவனமும் இடமும் எல்லோரிடமும் இருப்பதில்லை. ஊருக்கு வரும் வியாபாரியிடம் கொடுப்பது, சந்தைக்கு ஓட்டிச் செல்வது, கிடேரிகளை வளர்த்துக் கறவையாக்கும் பண்ணையாளர் ஒருவருக்கு நேரடியாகக் கொடுப்பது என மூன்று வழிகள் உள்ளன. மூன்றாவது வழியில் தரகுக் கூலி இல்லை. பல ஊர் மாடுகள் கூடும் இடத்தில் இளங்கன்றை நிறுத்தி நோய்த்தொற்றுக்கு ஆளாக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தப் பண்ணையாளர் அடுத்த ஆண்டும் நம்மைத் தேடி வர வேண்டுமானால், விற்பவர் செய்ய வேண்டிய வேலைகள் கன்று பிறந்த நாளிலேயே தொடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டுச் சமவெளியில் பரவலாக உள்ள ஜெர்சி கலப்பினக் கிடேரிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஈரோடு, பொள்ளாச்சி, மணப்பாறை போன்ற சந்தைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது, வாங்குபவர் கண்ணால் காண்பதற்கு மட்டுமே விலை வைக்கிறார். உயரம், தோலின் மினுமினுப்பு, சுழி, காம்புகளின் அமைப்பு ஆகியவை அவருக்குத் தெரிகின்றன. தாய் எத்தனை லிட்டர் கறந்தது, எந்தக் காளையின் சினை ஊசியில் (செயற்கைக் கருவூட்டலில்) பிறந்தது, பிறந்தவுடன் சீம்பால் குடித்ததா, எந்தத் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பவை தெரிவதில்லை. வயதைக்கூடப் பல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏறத்தாழ இரண்டு வயது வரை எல்லாக் கிடேரிகளுக்கும் பால்பற்களே இருக்கும். தெரியாதவற்றுக்கெல்லாம் சேர்த்து அவர் விலையைக் குறைத்துக் கேட்பது இயல்பு. மீண்டும் மீண்டும் வரும் வாங்குபவரோ இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கும் விலை கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார், அது உண்மை என்று அவருக்கு உறுதிப்படும் வரையில்.

முதலில் பால் மறக்கடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்றை ஊட்டவிட்டுச் சுரப்பு இறங்கிய பின் கறக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் வலுவாக உள்ளது. அப்படிப் பழகிய மாடு, கன்றை விற்ற மறுநாள் பாலை அடக்கிக்கொள்ளும். கன்றை விற்றுப் பெற்ற பணத்தில் ஒரு பகுதி, குறைந்துபோன கறவையில் கரைந்துவிடும். எனவே கிடேரிகளை இளவயதில் விற்கத் திட்டமிடுபவர், ஈன்ற நாளிலிருந்தே கன்றில்லாமல் கறக்க மாட்டைப் பழக்கி, கன்றுக்குப் பாலைப் பாத்திரத்தில் அளந்து கொடுப்பது நல்லது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலும், முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீம்பாலும் உள்ளே சென்றிருக்க வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனத்தையும் நல்ல உலர்ந்த புல்லையும் முன்னால் வைத்து வந்தால், மூன்று மாத அளவில் கன்று நாளொன்றுக்கு ஒரு கிலோ வரை தீவனம் எடுக்கத் தொடங்கும். இந்த அளவைத் தொடர்ந்து மூன்று நாட்கள் தின்ற கன்றுக்கே பாலை நிறுத்தலாம். மாதக் கணக்கை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது.

பால் நிறுத்திய வாரத்திலேயே கன்றை வண்டியேற்றுவது பெரும் தவறு. பாலை இழந்த அதிர்ச்சி, பயணக் களைப்பு, புதிய கொட்டகை, புதிய தீவனம் ஆகிய நான்கும் ஒன்றாகச் சேரும்போது நுரையீரல் அழற்சியும் கழிச்சலும் எளிதில் பிடிக்கின்றன. பாலை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதமாவது கன்று நம்மிடமே நின்று, தீவனத்தில் தேறியிருக்க வேண்டும். என் கருத்தில் ஆறு மாதம் நிறைந்த கிடேரியே கைமாற ஏற்றது. தடுப்பூசிகளின் கால அளவும் இதற்குப் பொருந்தி வருகிறது.

கோமாரி நோய்க்கான முதல் தடுப்பூசியை நான்காம் மாதத்தில் போட்டு, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி போட வேண்டும். அதன் பிறகு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தொடர வேண்டும். கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லோசிஸுக்கான தடுப்பூசி, நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் கிடேரிகளுக்கு மட்டும் ஒரே ஒரு முறை போடப்படுவது. 2019இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இவ்விரண்டும் இலவசமாகப் போடப்படுகின்றன. புருசெல்லோசிஸ் ஊசியை விற்பவர் அலட்சியமாக விட்டுவிட்டால், எட்டு மாதம் கடந்த பின் வாங்குபவரால் அதைச் சரிசெய்ய இயலாது. ஊசி போட்ட நாளையும் எழுதி வைக்க வேண்டும். அந்த ஊசி உயிருள்ள நுண்ணுயிரிகளைக் கொண்டது என்பதால், பின்னாளில் இரத்தப் பரிசோதனை செய்யும்போது நோய் இருப்பதைப் போன்ற முடிவு சில காலம் வரக்கூடும். ஊசி போட்ட தேதி தெரிந்திருந்தால்தான் கால்நடை மருத்துவர் அதைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். குடற்புழு நீக்கம், கொம்புக் குருத்தைச் சுடுதல், உண்ணிக் கட்டுப்பாடு ஆகியவை எல்லோரும் அறிந்தவை. செய்த நாளைக் குறித்தால் போதும்.

கன்றின் காதில் உள்ள மஞ்சள் வில்லையின் பன்னிரண்டு இலக்க எண்தான் அதன் பெயர் என்று கொள்ளுங்கள். ஒரு நோட்டில் கன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த எண்ணை மேலே எழுதி, பிறந்த நாள், தாயின் வில்லை எண், தாய்க்கு இது எத்தனையாவது ஈற்று, சினை ஊசிக் குச்சியில் அச்சிடப்பட்டிருந்த காளை எண், தடுப்பூசி நாட்கள், நோய்ப்பட்டதும் கொடுத்த மருந்தும் ஆகியவற்றை அவ்வப்போதே எழுதி வாருங்கள். தாயின் கறவையை வாய்மொழியாகச் சொன்னால் எவரும் முழுதாக நம்பமாட்டார். பால் சங்கப் புத்தகமும் பண்ணையின் மொத்தப் பாலைத்தான் காட்டும். மாதம் ஒரு நாள், காலையும் மாலையும் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியே அளந்து எழுதும் பழக்கம் இதற்குப் போதுமானது. வாங்குபவர் விரும்பினால் ஒரு கறவை நேரத்தில் வந்து தாயைக் கறக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

குறைகளைப் பற்றிய பேச்சை வாங்குபவர் கேட்பதற்கு முன்பே நாம் தொடங்க வேண்டும். இவற்றுள் முதன்மையானது, காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி. கருப்பையில் இரண்டின் இரத்தமும் கலப்பதால், இத்தகைய கிடேரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஒருபோதும் சினை பிடிப்பதில்லை. வெளித்தோற்றத்தில் அது நன்கு கொழுத்து, அழகாகவே நிற்கும். வாங்கியவர் அதை ஓராண்டுக்கு மேல் வளர்த்து, பருவத்துக்கு வராததைக் கண்டு, மருத்துவம் பார்த்து, கடைசியில்தான் உண்மையை அறிவார். ஒரு வாங்குபவரை நிரந்தரமாக இழப்பதற்கு இந்த ஒரு கன்று போதும். அதைக் கறவைக்கான கிடேரி என்று எவருக்கும் கொடுக்கக் கூடாது. கூடுதல் காம்பு, தொப்புள் வீக்கம், சிறுவயதில் வந்து ஆறிய மூட்டுவீக்கம், கடுமையான கழிச்சலால் வளர்ச்சி தடைப்பட்ட காலம், தோல் கழலை நோய் வந்து நீங்கிய தழும்பு ஆகியவற்றையும் நேரிலேயே தொட்டுக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். கூடுதல் காம்பு போன்றவற்றை மருத்துவர் எளிதாக நீக்கிவிடலாம். சொல்லப்பட்ட குறை விலையைச் சிறிது குறைக்கும், மறைக்கப்பட்டது பிறகு நாம் சொல்லும் எல்லாவற்றையும் ஐயத்துக்குள்ளாக்கும்.

இன்னொரு சிக்கலையும் வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டும். நல்ல மாட்டின் கன்றுகளையெல்லாம் நாமே வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் விற்றால், இரண்டாம் ஆண்டிலேயே வாங்குபவருக்கு அது புரிந்துவிடும். ஓராண்டு முதல் தெரிவு நமக்கு, மறு ஆண்டு அவருக்கு என்று மாற்றி வைத்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு. அதற்கு ஈடாக, நம் கிடேரிகளை வேறு எவருக்கும் காட்டும் முன் அவருக்குச் சொல்லுவோம் என்றும், அவர் இத்தனை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் உறுதி செய்துகொள்ளலாம்.

விலையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறையும் தொகையைப் பேசுவதைவிட விலை காணும் முறையை ஒருமுறை பேசி முடித்துக்கொள்வது உறவைக் காக்கும். எடையை அடிப்படையாகக் கொள்வது எளிது. எடை மேடை இல்லாத இடத்தில் தையல் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை உடல் நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 41, நீளம் 38 அங்குலம் என்றால் எடை சுமார் 97 கிலோ. காலையில் தீவனமும் தண்ணீரும் வைப்பதற்கு முன், கன்று நான்கு கால்களிலும் சமமாக நிற்கும்போது, இருவர் முன்னிலையில் அளக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்ற அடிப்படை விலையை அந்தப் பருவத்தின் உள்ளூர் நிலவரத்தையொட்டி வைத்துக்கொண்டு, தாயின் கறவை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதற்கென ஒரு கூடுதல் தொகையைச் சேர்க்கலாம். கோடை வறட்சியில் விலை சரியும், மழை பெய்து புல் முளைத்ததும் ஏறும். தொடர்ந்து வாங்குபவரிடம் சரிந்த காலத்தில் சற்றுக் கூடுதலாகப் பெற்று, ஏறிய காலத்தில் சற்று விட்டுக்கொடுப்பதே இருவருக்கும் நன்மை தரும். வறட்சியிலும் நமக்கு விலை நிற்கும், விலையேறிய காலத்திலும் அவருக்குக் கன்று கிடைக்கும்.

அச்சாரம் வாங்கினால் அன்றே வில்லை எண், மொத்தத் தொகை, பெற்ற தொகை, கன்றை எடுத்துச் செல்லும் நாள், அதுவரை தீவனச் செலவு யாருடையது, அதற்குள் கன்று இறந்தால் அச்சாரம் திருப்பப்படுமா என்பவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். நெருங்கிப் பழகியவரிடம் எழுத்து எதற்கு என்று பலர் தயங்குகிறார்கள். எழுத்து இருப்பதால்தான் அந்தப் பழக்கம் நீடிக்கிறது. கைமாறிய பின் எத்தனை நாட்களுக்கு நாம் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கோமாரி தொற்றினால் இரண்டு வாரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். உண்ணியால் பரவும் தைலேரியா காய்ச்சல் மூன்று வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே 21 நாட்கள் பொருத்தமான கெடு. அந்த நாட்களில் புதிய கன்றைத் தம் மந்தையோடு சேர்க்காமல் தனியே கட்டிப் பராமரிப்பது வாங்குபவரின் கடமை என்பதையும் அதே தாளில் சேர்க்க வேண்டும்.

ஒப்படைக்கும் நாளுக்கு முன், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கன்றுகள் பயணத்துக்குத் தகுதியானவை, தொற்றுநோய் இல்லாதவை என்ற மருத்துவச் சான்றைப் பெற வேண்டும். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. வழியில் காவல்துறையினர் கேட்கும்போது விற்பனைச் சீட்டும் இந்தச் சான்றும் கையில் இருக்க வேண்டும். சாதாரணச் சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்றும், உடன் ஓர் ஆள் செல்ல வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. தரையில் வைக்கோலோ மணலோ பரப்பி, வெயில் ஏறும் முன் அல்லது வெயில் தாழ்ந்த பின் புறப்பட ஏற்பாடு செய்யுங்கள். கன்று தின்று பழகிய தீவனத்தில் ஒரு வாரத்துக்கானதை மூட்டை கட்டிக் கூடவே அனுப்பினால், புதிய தீவனத்தைச் சிறுகச் சிறுகக் கலந்து மாற்ற அவருக்கு வசதியாக இருக்கும். பணம் முழுவதும் வந்தபின், காது வில்லைப் பதிவில் உரிமையாளர் பெயரை மாற்றித் தருமாறு மருந்தகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அடுத்த தடுப்பூசியும் சினை ஊசியும் நம் பெயரிலேயே பதிவாகிக்கொண்டிருக்கும்.

கன்று சென்ற பிறகு மூன்றாம் நாளும் மூன்றாம் வாரமும் விசாரியுங்கள். பிறகு அது முதல் சினைக்கு வந்தபோதும் தலைச்சன் ஈன்றபோதும் கேட்டறிந்து, கன்றின் பக்கத்திலேயே எழுதுங்கள். எந்தக் காளையின் மகள்கள் நன்றாகக் கறக்கின்றன என்பது நம் பண்ணையில் உள்ள ஒன்றிரண்டைக் கொண்டு தெரியாது. அவர் பண்ணையில் நிற்கும் கிடேரிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். மேலும், ஒரே பண்ணையிலிருந்து தொடர்ந்து வாங்குபவரிடம் சில ஆண்டுகளில் அக்காள் தங்கைகளே நிறைந்துவிடுகின்றன. அவர் ஊரிலும் அதே காளையின் சினை ஊசி வழங்கப்பட்டால், மகளுக்குத் தந்தையின் விந்தையே செலுத்தும் நிலை அறியாமல் நேர்ந்துவிடும். பிறக்கும் கன்றுகளின் வளர்ச்சியும் சினைப்பிடிப்பும் அதனால் குன்றும். எனவே கிடேரியோடு அனுப்பும் தாளில் காளை எண்ணைத் தடித்த எழுத்தில் எழுதி, சினை ஊசி போடும் நாளில் அந்தத் தாளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுமாறு வாங்குபவரிடம் தவறாமல் சொல்லி அனுப்புங்கள்.