பழைய பைக்கின் முன் டயர் சீராகத் தேயவில்லையா? காரணத்தைக் கண்டறியும் முறை

கைமாறி வந்த பைக்கின் முன் டயர் சீரற்றுத் தேய்ந்திருந்தால், புது டயர் வாங்கக் கிளம்புவதற்கு முன் பழையதைச் சற்று நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். நான் வாங்கிய பழைய 150 சிசி வண்டியில் அப்படிப் பார்க்காமல் டயரை மாற்றினேன். சில மாதங்களில் புது டயரிலும் அதே பள்ளங்கள் விழுந்தன. கோளாறு டயரில் இல்லை, ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டில் இருந்தது.

முதலில் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரான டயர். வெடிப்புகள் விழுந்து ரப்பர் இறுகிப்போயிருந்தால், பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) எவ்வளவு மீதமிருந்தாலும் அதை மாற்றத்தான் வேண்டும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி முன்னோக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே கவனித்துவிடலாம்.

நடுப்பகுதி மட்டும் தட்டையாகியிருந்தால் காற்று அதிகம், அல்லது வண்டி பெரும்பாலும் நேர்ச்சாலையில் ஓடியிருக்கிறது. இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவு. 100 முதல் 150 சிசி வரையிலான பல வண்டிகளுக்கு முன் டயரில் 25 பிஎஸ்ஐ போதும். உங்கள் வண்டிக்கான அளவைக் கையேட்டில் பார்த்து, டயர் சூடாகாதபோது அளக்க வேண்டும்.

வலப்பக்கம் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருப்பதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரம் நோக்கிச் சரிந்திருப்பதால், இடப்பக்கமாக நிமிர்ந்து ஓடும் வண்டியின் டயர் தன் வலப்பக்கத்தில்தான் தரையை அதிகம் தொடும். வலப்புறத் திருப்பங்கள் நீளமானவை என்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆனால் வேறுபாடு கண்ணுக்கு உறுத்தும் அளவில் இருந்தாலோ, இடப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, வண்டி எங்கேனும் விழுந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். நேராக ஓடும்போது ஹேண்டில்பார் ஒருபக்கம் திரும்பியிருந்தால், முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க் முறுக்கியிருக்கக்கூடும்.

பின் சக்கரம் கோணலாக இருந்தாலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். பின் சக்கரத்தை நேராக வைக்க உதவும் செயின் அட்ஜஸ்டரின் கோடுகளை நான் முழுதாக நம்புவதில்லை. ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்திருக்க, பின் டயரைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, இரு முனைகளையும் முன் டயரைத் தாண்டி இழுத்து, பின் டயரின் முன்விளிம்பை நூல் இருபுறமும் லேசாகத் தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள். முன் டயர் ஒடுங்கியது என்பதால் இருபுறமும் இடைவெளி தெரியும். அது சமமாக இருந்தால் சக்கரங்கள் ஒரே நேர்க்கோட்டில் உள்ளன.

இனி பள்ளங்களுக்கு வருவோம். டயரை இரு திசைகளிலும் உள்ளங்கையால் தடவும்போது ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் லேசாக உரசினால், அது முன் பிரேக்கால் வருவது, ஓரளவு இயல்பு. கிண்ணம்போல் குழிகள் தட்டுப்பட்டால் சக்கரம் தரையில் அதிர்ந்துகொண்டே ஓடியிருக்கிறது என்று பொருள். மெயின் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அமுக்க, முன் சக்கரம் தூக்கிய நிலையில் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டொக்’ என்று ஆடினால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் தானாகச் சிக்கி நின்றால், கோன் செட்டுக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகள் குழி பறித்துவிட்டன. இறுக்கிப் பயனில்லை, செட்டையே மாற்ற வேண்டும். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது அசைவு தெரிந்தால் வீல் பேரிங் போயிருக்கிறது.

அதே நிலையில் சக்கரத்தைச் சுழற்றி, ஃபோர்க்கோடு ஒரு பேனாவை அணைத்துப் பிடித்து ரிம்மைக் கவனியுங்கள். கோட்டம் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் சரிசெய்தாக வேண்டும். ஸ்டாண்டை எடுத்தபின், முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை அமுக்கி விடும்போது வண்டி ஒருமுறை எழுந்து நிற்காமல் மேலும் கீழும் குதித்தால் ஃபோர்க் ஆயிலும் சீலும் பார்க்கப்பட வேண்டும்.

கோளாறைச் சரிசெய்த பிறகும் குழி விழுந்த டயர் இரைந்துகொண்டுதான் ஓடும். புது டயருக்குச் செலவழிக்க வேண்டியது அப்போதுதான்.