மனச்சிதைவு: 'நாளை'யைப் பற்றிப் பேசும்போது உடனிருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது காதில் கேட்கும் குரல்களும் காரணமற்ற சந்தேகமும்தான். மருந்தால் அவை அடங்கிய பிறகும் பலரிடம் ஒன்று மிச்சமிருக்கும்: எதிலும் முனைப்பில்லாமை. குடும்பத்தார் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

குரல் கேட்பதை நோய் என்று ஒப்புக்கொள்ளும் அதே வீட்டில், மதியம் வரை படுக்கையை விட்டு எழாததைச் சோம்பேறித்தனம் என்பார்கள். முனைப்பின்மையும் நோயின் அறிகுறிதான். 'வேண்டுமென்றே செய்கிறான்' என்ற எண்ணம் வந்துவிட்டால் குத்தல் பேச்சு பின்னாலேயே வரும். ஓயாமல் குறைசொல்லும் வீடுகளில் நோய் மறுபடி தலைதூக்குவது அதிகம் என்று 1970களிலேயே பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின. அளவு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பதையும் அவை ஆபத்தாகவே கணக்கிட்டன. இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய தவறு, 'அவளுக்கு எதிலும் சந்தோஷமே கிடையாது' என்று முடிவுகட்டிக் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவது. தங்கையை நடக்க அழைக்கிறீர்கள், 'வேண்டாம்' என்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்கிறீர்கள்; அரைமனதோடு வருகிறாள். வழியில் ஒரு நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரிக்கிறாள், இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்கிறாள். மறுநாள் அழைத்தால் அதே 'வேண்டாம்'. நேற்றைய சிரிப்பு நடிப்பென்று நினைத்துவிடாதீர்கள். நடக்கும் நேரத்தில் கிடைத்த இன்பம் உண்மையானது. 'போனால் நன்றாக இருக்கும்' என்ற முன்ருசிதான் அவளுக்கு எட்டுவதில்லை. உளவியலாளர்கள் டேவிட் கார்ட், ஆன் கிரிங் உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டைத்தான் சுட்டியது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. ஆனாலும் பல வீடுகளில் நடப்பதை இது நன்றாகவே விளக்குகிறது.

முன்ருசி வரவேண்டுமானால் நாளைய காட்சி மனத்தில் விரிய வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் எதிர்காலத்தில் நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்யச் சொன்ன ஆய்வொன்று 2008இல் வந்தது. குறிப்பிட்ட நாள், இடம், ஆட்களோடு கூடிய காட்சிகள் மற்றவர்களைவிட அவர்களிடம் குறைவாகவே வந்தன. கடந்த காலத்தை நினைவுகூர்வதிலும் இதே மங்கல் இருந்தது. நாளைய காட்சியைக் கட்டுவதற்கான செங்கல் நேற்றைய நினைவிலிருந்துதானே வரவேண்டும்?

ஆகவே, 'ஐந்து வருடத்தில் என்னவாகப் போகிறாய்?' என்று கேட்காதீர்கள். 'நல்லதையே நினை' என்பதாலும் பயனில்லை. 'மாலை ஐந்து மணிக்கு, குளித்ததும், நானும் நீயும் நூலகம் வரை போகிறோம், ஜன்னலோர மேசையில் உட்காருகிறோம்' என்று நேரமும் இடமும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளம்பும் முன், எவ்வளவு பிடிக்கும் என்று எதிர்பார்க்கிறார் எனக் கேட்டு, பத்துக்கு ஒரு மதிப்பெண் எழுதச் சொல்லலாம், திரும்பியதும் இன்னொன்று. இரண்டு போட்டவர் ஆறு போடும் நாள் வந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த 'வேண்டாம்' வரும்போது, உங்கள் உபதேசத்தைவிட அவர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

'எப்படியும் சொதப்பிவிடுவேன்' என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம். தோல்வி நிச்சயம் என்ற நம்பிக்கையே முனைப்பை அரிக்கிறது என்பது அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் குழுவினரின் கருத்து. அவரவர் விருப்பத்தையே இலக்காக வைத்து அவர்கள் அளித்த சிகிச்சையால் நீண்டகால நோயாளிகளிடமும் முனைப்பு கூடியதென 2012இல் அறிவித்தார்கள்.

கடைசியாக மாத்திரை. மந்தத்துக்கு நோய் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மனச்சோர்வு, மருந்தால் வரும் தூக்கக் கலக்கம், உடல் விறைப்பு ஆகியவையும் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள், நோய் திரும்பிவிடக்கூடும். மந்தம் எப்போது தொடங்கியது, மருந்தோ அளவோ மாறிய பிறகா என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ அவரால் முடியும்.