இட்லி மாவு புளிக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பிடிப்பது எப்படி?

நேற்றுப் பொங்கிய மாவு இன்று ஏன் பொங்கவில்லை என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் கைராசி என்றுதான் பதில் வரும். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பதில் எடுபடாது; அளந்து, குறித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். அதே பழக்கத்தைச் சமையலறைக்குக் கொண்டுவர ஒரு சமையல் தராசும் எக்செலும் போதும்.

முதலில் அளவு. ஆழாக்கும் டம்ளரும் வீட்டுக்கு வீடு மாறுபடும் என்பதால், எல்லாவற்றையும் கிராமில் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்திய பிறகு, இட்லி அரிசி 400 கிராம் போடுங்கள். தோல் நீக்கிய முழு உளுந்து 100 கிராமைத் தனியே ஊறவையுங்கள். வெந்தயத்துக்கு மட்டும் தலை தட்டிய ஒரு தேக்கரண்டியே நல்லது, ஏனெனில் சமையல் தராசுகள் நாலைந்து கிராமைச் சரியாகக் காட்டுவதில்லை. நான்கைந்து மணி நேரம் ஊறியதும் அரைக்கலாம். நாம் கண்ணளவில் ஊற்றுவது தண்ணீரைத்தான். மாவின் பதம் மாறுவதும் பெரும்பாலும் அங்கேதான். அரைப்பதற்கு முன்னும் பின்னும் தண்ணீர்ச் சொம்பை எடை போட்டு, குறைந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் அரைப்பவர்கள் குளிர்ந்த நீரைப் பயன்படுத்தினால் மாவு சூடேறாது.

உப்பு 10 கிராம் சேர்த்துக் கலக்கிய மாவில் கொஞ்சம் எடுத்து, பக்கங்கள் செங்குத்தாக உள்ள ஒரு கண்ணாடி டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு ஊற்றி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவிடுங்கள். பெரிய பாத்திரம் அகன்றும் குறுகியும் இருப்பதால், மாவு இரண்டு மடங்கானதா என்று அதில் பார்த்துச் சொல்ல முடியாது. டம்ளரில் அடிக்கோலை வைத்தால் உடனே தெரிந்துவிடும். மாவை உப்பவைப்பது, உளுந்தோடு பெருமளவு வந்து சேரும் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் போன்ற பாக்டீரியாக்கள் வெளியிடும் கரியமில வாயு. அவற்றின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால், அறை வெப்பமானி ஒன்றையும் அருகில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கும் மாவு, மார்கழிக் குளிரில் விடிந்த பிறகும் அப்படியே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மாவுக் கையோடு யாரும் கணினியைத் திறக்கப் போவதில்லை. ஆகவே நேரத்தையும் வெப்பநிலையையும் முதலில் பாத்திரத்தின் மூடியில் ஒட்டிய காகிதத் துண்டில் எழுதிவிட்டு, பிறகு எக்செலில் ஏற்றுங்கள். ஒரு முறை அரைத்ததற்கு ஒரு வரிசை என்ற கணக்கில், ஆரம்ப நேரம், இரண்டு மடங்கான நேரம், வெப்பநிலை, தண்ணீர் எடை, குறிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்தி இருக்கட்டும். நேரத்தோடு தேதியையும் அதே கட்டத்தில் எழுதுவது அவசியம், இல்லாவிட்டால் நள்ளிரவைத் தாண்டியதும் கணக்கு எதிர்மறையாகிவிடும். கணினி அருகிலேயே இருந்து அப்போதே பதிவதானால், இன்றைய தேதிக்குக் கண்ட்ரோலையும் அரைப்புள்ளியையும் (;) அழுத்தி, ஓர் இடைவெளி விட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், அரைப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த நிமிடத்தின் நேரமும் பதிவாகும்.

பிறகு மணி நேரத்துக்கென்று இன்னொரு பத்தியில், இரண்டு மடங்கான நேரத்திலிருந்து ஆரம்ப நேரத்தைக் கழித்து 24-ஆல் பெருக்குங்கள். எக்செல் ஒரு முழு நாளை 1 என்ற எண்ணாக வைத்திருப்பதால்தான் இந்தப் பெருக்கல். விடை ஏதோ ஒரு பழைய தேதியாகத் தெரிந்தால் பதற வேண்டாம்; அந்தக் கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

உளுந்தின் அளவையோ தண்ணீரையோ மாற்ற விரும்பினால், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, குறிப்புப் பத்தியில் எழுதுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாமல் போகும். அளவு மாறாத வரிசைகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும், வெப்பநிலைப் பத்தியையும் மணி நேரப் பத்தியையும் தேர்ந்தெடுத்து, புள்ளிகளாகக் காட்டும் வரைபடம் ஒன்றைச் செருகுங்கள். அதன் பிறகு, காலை ஏழு மணி இட்லிக்கு முந்தைய நாள் எத்தனை மணிக்கு அரைக்க வேண்டும் என்பதை அன்றைய வெப்பநிலையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.