புளூ ரிட்ஜ் பார்க்வே: 469 மைல், நான்கு இரவு, ஒரு கூடாரம்

அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடரில் ஓடும் புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வர்ஜீனியாவின் ராக்ஃபிஷ் கேப்பில் 0 என்று தொடங்கும் மைல்கல், வட கரோலினாவின் செரோக்கி அருகே 469-இல் முடிகிறது. வடக்கே இதோடு சேரும் ஸ்கைலைன் டிரைவுக்குக் கட்டணம் உண்டு. கையைக் கடிக்காமல் போய்வர வேண்டுமானால் அதை விட்டுவிட்டு ராக்ஃபிஷ் கேப்பிலேயே ஏறுங்கள். அப்புறம் செலவு என்பது படுக்க இடம், சாப்பாடு, பெட்ரோல், இவ்வளவுதான்.

வேக வரம்பு மணிக்கு 45 மைல், சில இடங்களில் அதற்கும் கீழே. வளைவுகளையும் காட்சி முனைகளையும் சேர்த்தால் சராசரி 30 மைலைத் தாண்டாது. ஒரே நாளில் 200 மைல் என்று திட்டம் போட்டவர்கள் இருட்டில் கூடாரம் அடிப்பார்கள். நான்கு இரவுக்கு இப்படிப் பிரிக்கலாம்: முதல் இரவு பீக்ஸ் ஆஃப் ஆட்டர் (மைல் 86), இரண்டாவது ராக்கி நாப் (167), மூன்றாவது ஜூலியன் பிரைஸ் (297), நான்காவது மவுன்ட் பிஸ்கா (408). மூன்றாம் நாள்தான் நீளம், 130 மைல். அன்று காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

முன்பதிவு செய்வதற்கு முன்பே தேசியப் பூங்காத் துறையின் சாலை நிலவரப் பக்கத்தைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் ஹெலன் புயல் வட கரோலினாப் பகுதியை மோசமாகச் சிதைத்தது. மண்சரிவால் பல துண்டுகள் மூடப்பட்டன. எந்த மைலிலிருந்து எந்த மைல் வரை மூடல் என்று அந்தப் பக்கத்தில் இருக்கும். மேலே சொன்ன முகாம்கள் திறந்திருக்கின்றனவா என்பதையும் அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

முகாம்கள் பொதுவாக மே முதல் அக்டோபர் வரை. ஓர் இடத்துக்கு இரவுக்குச் சுமார் 30 டாலர். நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு எட்டு டாலருக்குள் அடங்கும். ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில் பதிவு செய்யலாம். அக்டோபர் வார இறுதிகளில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் கூட்டம் குவியும். ஞாயிறு மாலை தொடங்கி வியாழன் காலை முடித்தால் இடம் கிடைப்பது எளிது. காட்சி முனையில் காரை நிறுத்தி உறங்கக் கூடாது, அபராதம் விழும். இலவசமாகத் தங்க வேண்டுமா? பார்க்வேயை விட்டு இறங்கி, பக்கத்துத் தேசிய வனச் சாலைகளில் கூடாரக் குறியிட்ட கம்பம் நட்டிருக்கும் இடங்களைத் தேடுங்கள். அங்கே கழிப்பறையோ குழாய்த் தண்ணீரோ இருக்காது என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

இந்தப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரமும் குளிரும். மவுன்ட் பிஸ்கா முகாம் ஏறக்குறைய 5,000 அடி உயரம்; ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3.5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். அடிவாரத்து ஊருக்கு வானிலை பார்த்துவிட்டுப் போர்வை எடுத்தால் இரவு முழுக்க நடுங்க வேண்டியதுதான். வீட்டில் விருந்தாளிக்குப் போடும் காற்று மெத்தையைக் கொண்டுவராதீர்கள்: உள்ளே காற்று சுழன்றுகொண்டே இருப்பதால் உடம்புச் சூடு தரைக்கு இறங்கிவிடும். அட்டை மீது ‘ஆர்’ மதிப்பு (சூடு தரைக்கு இறங்காமல் தடுக்கும் அளவு) 3 அல்லது 4 என்று போட்ட முகாம் பாய் போதும். கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தை விடப் பெரிதாக இருந்தால், வெளியே நீட்டியிருக்கும் விளிம்பு மழையைப் பிடித்து அடியில் தள்ளும். நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விடுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை மூடினால் மூச்சுக்காற்றின் ஈரம் விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டும், திறந்தே வையுங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் சரளைத் தரையில் வளைந்துவிடும். எட்டு இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு இரட்டை பர்னர் புரொப்பேன் அடுப்பு, 3 லிட்டர் குக்கர். மலையேறிகள் முதுகுப்பையில் கொண்டுபோகும் குட்டி அடுப்பில் குக்கரை ஏற்றினால் தலைகீழாகச் சாயும். 5,000 அடியில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும், குக்கர் இருந்தால் எரிபொருள் மிச்சம். பியூட்டேன் டப்பா வேண்டாம். பூஜ்ய டிகிரியை நெருங்கும் குளிரில் அது வாயுவாக மாறாமல் அடுப்பு மங்கிப்போகும். ஒரு பவுண்டு புரொப்பேன் உருளை, ஒரு பர்னரை முழுத் தீயில் வைத்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வரும். நான்கு பேருக்கு நான்கு நாளுக்கு மூன்று உருளை எடுங்கள். ரவையை வீட்டிலேயே கடுகு, பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வறுத்து ஆறவைத்துப் பையில் போட்டால், ஒரு கப்புக்கு இரண்டரை கப் கொதிநீர், பத்து நிமிடத்தில் உப்புமா. இரவுக்குப் புளிக்காய்ச்சல். குளிர்பெட்டியே தேவைப்படாத உணவு அது. ஐஸ் வாங்கும் காசு மிச்சம்.

கரடி விஷயத்தில் அலட்சியம் கூடாது. இது கருங்கரடிகளின் காடு. சமைத்து முடித்ததும் சாப்பாடு, ஊறுகாய் பாட்டில், குப்பை, பற்பசை, சோப்பு எல்லாமே காரின் டிக்கிக்குப் போக வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டுங்கள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கெட் பொட்டலம்கூட வேண்டாம். கரடி ஒருமுறை மனிதச் சாப்பாட்டை ருசித்துவிட்டால் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலைகூட வரலாம். விறகை வீட்டிலிருந்து ஏற்றி வராதீர்கள். மரம் துளைக்கும் பூச்சிகள் அதோடு பரவுவதால், வெப்பத்தில் பதப்படுத்திச் சான்றளித்த விறகுக்கு மட்டுமே அனுமதி.

பார்க்வே மேல் பெட்ரோல் பங்க் ஒன்றுகூட இல்லை. வெய்ன்ஸ்பரோ, ரோனோக், ஃபேன்சி கேப், புளோயிங் ராக், ஆஷ்வில் ஆகிய ஊர்களில் இறங்கி நிரப்புங்கள். பாதித் தொட்டி குறைந்ததும் அடுத்த இறக்கத்தைப் பிடியுங்கள். கேலனுக்கு 30 மைல் ஓடும் காருக்கு நேர்ப்பாதையே 16 கேலன். முகாமுக்கும் ஊருக்கும் போய்வர இன்னும் மூன்று சேருங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரைக் குறைத்து எஞ்சின் இழுக்கும்படி விடுங்கள். வழியில் 26 சுரங்கப்பாதைகள், ஒன்றைத் தவிர எல்லாம் வட கரோலினாவில். விளக்கைப் போட்டே நுழையுங்கள். செல்பேசி சிக்னல் அடிக்கடி போகும், வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள்.

கடைசி நாள் பாதை குறைவு, அதனால் மைல் 431-இல் ரிச்லேண்ட் பால்சமில் நின்று பாருங்கள். 6,053 அடி, பார்க்வேயின் உச்சி அதுதான். செரோக்கியில் இறங்கியதும் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் பூங்கா எல்லை தொடங்கும். அங்கே 2023 முதல் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்த நாளுக்கு 5 டாலர் பார்க்கிங் சீட்டு வேண்டும். மாலையில் ஓக்கோனலுஃப்டி புல்வெளியில் எல்க் மான்கள் மேய வரும். அதற்காக அந்த ஐந்து டாலரை எடுத்துவையுங்கள்.