போன் பில் இரண்டு மாதம் நின்றுவிட்டதா? வரிசையாகச் செய்ய வேண்டியவை

போஸ்ட்பெய்ட் பில் கட்ட முடியாமல் போனதும் பலரும் செய்யும் முதல் காரியம், கம்பெனியிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடுவது. உள்ளதிலேயே அதிகச் செலவு வைப்பது அதுதான். தாமதக் கட்டணம் பெரும்பாலும் சிறிய தொகை. குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தமாக இருந்து அதுவே முறிந்துவிட்டால், மிச்சமிருக்கும் மாதங்களுக்கான தொகையும் சேர்ந்து மொத்தமாகத் தலையில் விழலாம்.

படி 1: பில்லைப் பிரித்துப் படியுங்கள்

'கட்ட வேண்டிய மொத்தம்' என்ற ஒரே எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். உள்ளே நான்கு கணக்குகள் இருக்கும்: பழைய நிலுவை, பிளான் வாடகை, பிளானுக்கு மேல் போன பயன்பாடு, போன் தவணை. பிளான் வாடகையைப் பொதுவாக முன்கூட்டியே வாங்குவார்கள். கூடுதல் பயன்பாட்டுக்கான தொகையைப் பயன்படுத்திய பிறகுதான் போடுவார்கள். அதனால் போன மாத ரோமிங் இந்த மாத பில்லில் வந்து திகைக்க வைக்கும். எப்போதோ தெரியாமல் அழுத்திய சந்தா சேவை ஏதாவது மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

போனைத் தவணையில் வாங்கியிருந்து, அந்தத் தவணை இந்த பில்லில் இல்லையென்றால், அது ஒரு நிதி நிறுவனத்தில் தனிக் கடனாக இருக்கலாம். பிளானை ரத்து செய்தாலும் அந்தக் கடன் ரத்தாகாது. இரண்டுக்கும் வேறு தேதி, வேறு அபராதம்.

படி 2: எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

நாள் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வரிசை பெரும்பாலும் இப்படித்தான்: நினைவூட்டல், தாமதக் கட்டணம், அவுட்கோயிங் நிறுத்தம், இன்கமிங்கும் நிறுத்தம், நிரந்தரத் துண்டிப்பு. அதன்பிறகு பாக்கி வசூல் ஏஜென்சிக்குப் போகும். வங்கிகள் கடன் தருமுன் பார்க்கும் கடன் வரலாற்றிலும் பதிவாகலாம்.

அவுட்கோயிங் நின்றதும் 'பயன்படுத்தவே இல்லையே, பில் எப்படி வரும்?' என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். துண்டிக்கும்வரை ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. மாத வாடகை ஏறிக்கொண்டே போகும். சிம்மைக் கழற்றி வைப்பதும், வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்துவதும் ஒப்பந்தத்தை ரத்து செய்வதாகாது. ஆட்டோ டெபிட் இருந்து கணக்கில் பணம் இல்லையென்றால், வங்கி போடும் அபராதம் வேறு.

படி 3: பேசுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மாத பில் 100 என்று வைத்துக்கொள்வோம்: பிளான் 60, போன் தவணை 40. இரண்டு மாத பாக்கி 200. நான்கு தவணையில் கட்டுவதாகச் சொன்னால் மாதம் 50 என்று மனம் கணக்குப் போடும். ஆனால் நடப்பு பில் 100 அப்படியே இருக்கிறது. உண்மையில் கட்ட வேண்டியது 150. முதல் தவணையைக் கட்டிவிட்டு இரண்டாவதில் தவறினால் அந்த ஏற்பாடே ரத்தாகிவிடலாம். அடுத்த முறை அதே சலுகையைக் கேட்டு வாங்குவது கடினம்.

போன் தவணையைக் குறைக்க வழியில்லை. பிளானை 30-க்கு இறக்க முடிந்தால் நடப்பு பில் 70, பாக்கிக்கு 50, ஆக 120. அதுவும் தாங்காது என்றால் ஆறு அல்லது எட்டுத் தவணை கேளுங்கள். வீட்டு வாடகை, மருந்து, மின்சாரம் எல்லாம் எடுத்து வைத்த பிறகு கையில் நிற்பது எவ்வளவோ, அதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். கந்துவட்டிக்கு வாங்கி போன் பில் கட்டுவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

படி 4: பேசுங்கள், பிறகு எழுதுங்கள்

கெடு தேதிக்கு முன்பே அழைத்தால் நல்லது, தாண்டிவிட்டாலும் அழையுங்கள். மூன்றைக் கேளுங்கள்: பாக்கிக்குத் தவணை, குறைந்த பிளான், சம்பளத் தேதிக்கு ஏற்ற கெடு தேதி. பேசியவர் பெயர், நேரம், புகார் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அன்றே மின்னஞ்சலில் இப்படி அனுப்புங்கள்:

'இன்று தொலைபேசியில் பேசியபடி, என் கணக்கின் நிலுவைத் தொகையை நான்கு மாதத் தவணையாக, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டுகிறேன். தவணை தவறாதவரை சேவை நிறுத்தப்படாது என்பதை எழுத்தில் உறுதி செய்யவும்.'

அந்த இரண்டாவது வரி முக்கியம். பேசாமல் பாதிப் பணத்தை மட்டும் கட்டினால் பல கம்பெனிகளில் தானியங்கி முறை அதைக் கண்டுகொள்ளாது, லைனை நிறுத்திவிடும்.

பில்லில் ஒரு வரி தவறு என்று தோன்றினால் முழு பில்லையும் நிறுத்தி வைக்காதீர்கள். ஒத்துக்கொள்ளும் பகுதியைக் கட்டிவிட்டு, மற்றதற்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முழுதாக நிறுத்தினால் புகார்க்காரர் என்ற நிலை போய் பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள். நண்பருக்காக உங்கள் பெயரில் எடுத்த கனெக்‌ஷனும் உங்கள் பாக்கிதான். பேசியது அவர் என்பது அங்கே செல்லாது.

படி 5: எண் போகும் நிலை வந்தால்

துண்டிப்பு தவிர்க்க முடியாதது என்று தெரிந்தால், அதற்கு முன் வங்கி, மின்னஞ்சல், அடையாள அட்டைக் கணக்குகள் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றிவிடுங்கள். இன்கமிங் நின்றபின் ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் ஆன்லைனில் எண்ணை மாற்றுவதும் கடினம். கைவிட்ட எண் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போகும். பாக்கியோடு வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் பல இடங்களில் எடுபடாது.

படி 6: வசூல் ஏஜென்ட் வந்தால்

ரொக்கம் கொடுக்க வேண்டாம். பாக்கி விவரத்தையும், வசூலிக்கும் அதிகாரக் கடிதத்தையும் எழுத்தில் கேளுங்கள். அது சரிதானா என்று கம்பெனியிடமே விசாரியுங்கள். 'இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்' என்று லிங்க்கோடு வரும் எஸ்எம்எஸ்ஸைத் தொடாமல், கம்பெனி ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள்.

'பாதி கொடுங்கள், முடித்துக்கொள்கிறோம்' என்றால் யோசித்துச் செய்யுங்கள். சமரசமாக முடித்த கடன், முழுதாகக் கட்டிய கடனைவிடக் கீழாகவே கடன் வரலாற்றில் தெரியும். எப்படி முடித்தாலும் நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்குங்கள். ஆரம்பத்தில் கட்டிய முன்பணம் கழிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு மூடப்பட்டதாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் அந்தக் கடிதத்தின் நகலை இணைத்து, திருத்தச் சொல்லி எழுதுங்கள்.