நாட்டு நாய்க்குட்டி எடுக்கும் முன்னும் எடுத்த பின்னும்

நாட்டு நாய் வளர்க்க ஆசைப்பட்டுக் குட்டி தேடுகிறவர்கள் நிறத்தையும் விலையையும் விசாரிக்கிற அளவுக்கு, அந்த இனத்தை எந்த வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று விசாரிப்பதில்லை. எட்டாவது மாதத்தில் தொல்லை ஆரம்பிக்கிறது. கோழியைப் பிடித்துவிட்டது, விருந்தாளியை உள்ளே விட மாட்டேன் என்கிறது என்றெல்லாம் புகார் வரும். நாய் தன் பிறவிக் குணத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பழக்கினால் அந்தக் குணத்தைக் கட்டுக்குள் வைக்கலாம், வேறு பக்கம் திருப்பலாம். இல்லாமல் ஆக்க முடியாது. அதனால் குணம் பார்த்து எடுப்பதே பாதிப் பயிற்சி.

எந்த இனம் யாருக்கு

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்திய நாய்கள். ஒடுங்கிய தலை, ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும். கறுப்பு உடம்பில் பழுப்புக் கால் இருந்தால் கருங்கன்னி, வெளிர் நிறமானால் பால்கன்னி, மற்ற நிறங்கள் சிப்பிப்பாறை என்பது பொதுவான வழக்கு. பழக்கும் முறையில் வித்தியாசம் கிடையாது. வீட்டுக்குள் இவை அமைதியானவை. காலையில் அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் பகலெல்லாம் சுருண்டு படுத்திருக்கும். அடுக்குமாடியில்கூட வளர்க்கலாம். பூனையோ கோழியோ இருக்கும் வீட்டுக்கு மட்டும் வேண்டாம்.

ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். 65 முதல் 75 செ.மீ. உயரம், பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. வீட்டில் ஒருவரை நிழல்போல ஒட்டிக்கொள்ளும், வேற்றாளைச் சேர்க்காது. டியூஷன் நடக்கும் வீடு, கீழே கடை உள்ள வீடு என்று நாள் முழுக்க ஆள் வந்துபோகும் இடத்தில் நாய்க்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். 2005-ல் அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற இனம் என்பதால் பெயருக்கு மவுசு உண்டு. வெள்ளையாகப் பிறந்த கலப்புக் குட்டிகளும் அதே பெயரில் விலை போகும், கவனம்.

தேனிப் பக்கத்துக் கோம்பை செம்பழுப்பு உடம்பும் கறுத்த முகமுமாக இருக்கும். தோட்டக் காவலுக்கு அருமையான நாய். சின்னச் சத்தத்துக்கும் குரைக்கும் என்பதால் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அக்கம்பக்கத்தார் பொறுக்க மாட்டார்கள்.

வேட்டைக்காகவே எடுக்கிறேன் என்பவருக்கு ஒன்று: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாயை விட்டு முயல் பிடிப்பது குற்றம்.

குட்டியைப் பார்க்கப் போகும்போது

எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதி. சட்டம் இருக்கட்டும், ஐந்து வாரத்தில் பிரித்த குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கற்றிருக்காது. விளையாட்டுக் கடியே ரத்தம் வர விழும்.

தாயைப் பார்க்காமல் குட்டி எடுக்காதீர்கள். உரிமையாளர் பக்கத்திலேயே நின்றும் தாய் உறுமிக்கொண்டே இருந்தாலோ, ஒடுங்கி மூலையில் பதுங்கினாலோ அந்த ஈத்தை விட்டுவிடலாம். பயம் ரத்தத்திலும் வரும், தாயைப் பார்த்தும் தொற்றும். தகப்பன் எது என்றும் கேளுங்கள். எண்ணிக்கை குறைந்த இனங்கள் என்பதால் ஒரே வயிற்றுக் கடுவனையும் பெட்டையையும் சேர்த்துவிடுவதும் நடக்கிறது.

குட்டியின் மனத்திடம் பார்க்க, நான்கடி தள்ளி ஒரு சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டுப் பின்வாங்கி, சில நொடியில் வந்து தட்டை முகர்ந்தால் நல்ல குட்டி. ஒரு நிமிடம் ஆகியும் வெளியே வராதது முதல்முறை வளர்ப்பவருக்கு வேண்டாம்.

ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை அது. குட்டி தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டினால் அதிர்வில் விழித்துவிடும், காற்றடித்தாலும் விழிக்கும், ஆகவே சத்தம் மட்டும் போக வேண்டும். மற்ற குட்டிகள் பக்கத்தில் இருந்தால் அவை எழுவதைப் பார்த்து இதுவும் எழுந்து நம்மை ஏமாற்றும். தனியாகப் பிரித்து, மூன்று முறையாவது பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் சிக்காது. அதனால் ராஜபாளையத்துக்கு முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கைச்சாடையைச் சேர்த்துப் பழக்குவது நல்லது.

வீட்டுக்கு வந்த முதல் எட்டு வாரம்

தடுப்பூசி அட்டவணையை மருத்துவர் தருவார். பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். ஊசிகள் எல்லாம் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாதீர்கள், குட்டிகளுக்கு ரத்தப்போக்கு வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தாலும் தவறு. மனிதரையும் ஊரையும் பழகிக்கொள்ளும் வயது ஏறக்குறைய 14 வாரத்தோடு முடிகிறது. குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கேஸ் சிலிண்டர் ஆள், கைத்தடிப் பாட்டி, ஓடும் குழந்தை, பேருந்து ஹாரன் எல்லாம் அது பார்க்கவும் கேட்கவும் வேண்டும். ஒவ்வொன்றின்போதும் நகத்தளவு வேகவைத்த கோழிக்கறி. வருபவர் குட்டியின் தலைக்கு மேல் கை நீட்டக் கூடாது. கறியைக் கீழே போட்டுவிட்டு, குட்டியே வரட்டும் என்று நிற்க வேண்டும். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணோரம் வெள்ளை தெரியப் பார்ப்பது, சிலைபோல உறைவது இவை போதும் என்று குட்டி சொல்லும் அடையாளங்கள். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை மணி. அதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும். “கட்டிப் போட்டால்தான் ரோஷம் வரும்” என்று ராஜபாளையத்தை நாள் முழுக்கச் சங்கிலியில் வைப்பதும் இப்படித்தான் முடிகிறது. வருவது ரோஷம் இல்லை, பயம். அது வீட்டுப் பிள்ளை மேலேயே பாயும். காவல் புத்தி ஒன்றரை வயதுக்குள் தானாக வந்துவிடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிறுநீர், மலம் பழக்க: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். போய் முடித்த இரண்டு நொடிக்குள் கறி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் அதற்குப் புரியும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். அம்மா “உக்காரு” என்கிறார், பையன் “சிட்” என்கிறான், நாய் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறது.

துரத்தும் நாயைக் கூப்பிட்டால் வர வைப்பது

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பில் அதிகம் தோற்கும் இடம் இதுதான். துரத்துவதே அதற்குப் பெரிய பரிசு. அதற்கு ஈடாக உங்கள் கையில் இருப்பது பிஸ்கட் என்றால் வராது.

“வா” என்ற சொல்லை நாள் முழுக்கச் சொல்லித் தேய்த்துவிடுகிறோம். ஒரு விசிலை இதற்கென்றே வையுங்கள். முதல் வாரம் வீட்டுக்குள், ஆறடி தூரத்தில், ஊதியவுடன் கறி, ஒரு நாளைக்குப் பத்து முறை. இரண்டாம் வாரம் அறை விட்டு அறை. மூன்றாம் வாரம் வெளியே, பத்து மீட்டர் கயிற்றில். கயிற்றை நெஞ்சுப் பட்டையில்தான் கட்ட வேண்டும். இந்த நாய் நான்கு எட்டில் முழு வேகம் எடுக்கும், கழுத்துப் பட்டையில் கட்டியிருந்தால் கயிற்றின் முடிவில் கழுத்து முறியலாம். சாதாரண நடைக்குக்கூட வழக்கமான பட்டை ஆகாது. தலையைவிடக் கழுத்து பருத்தது, பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். இழுக்கும்போது ஓரளவு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள்.

வராது என்று தெரிந்தால் ஊதாதீர்கள். ஊதி வந்த நாயைக் குளிப்பாட்டவோ கட்டவோ செய்யாதீர்கள். பத்தில் ஏழு முறை, கறி கொடுத்துவிட்டுத் திரும்ப விளையாட விட்டுவிடுங்கள். வந்தால் விளையாட்டு போய்விடும் என்று ஒருமுறை புரிந்துகொண்டால் மூன்று வார உழைப்பும் வீண்.

ஊத வேண்டிய நேரம், காது நிமிர்ந்து உடம்பு விறைக்கும் அந்த ஒரு நொடி. ஓட ஆரம்பித்துவிட்டால் எவ்வளவு பழகிய நாய்க்கும் காது கேட்காது. ஆகவே எத்தனை மாதம் பழக்கினாலும் மதில் இல்லாத இடத்தில் அவிழ்த்து விட வேண்டாம். மதில் ஆறடியாவது இருக்கட்டும். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் உள்ள மொட்டை மாடி இதற்கு ஆபத்து, புறா பறந்தால் சேர்ந்து தாவும்.

துரத்தும் ஆசைக்கு வடிகால் வேண்டும். நாலடிக் கம்பு, அதன் நுனியில் கயிறு, கயிற்று முனையில் பழைய துணி. தரையோடு இழுத்துத் துரத்த விட்டு, பிடித்ததும் “விடு” என்று சொல்லி, கறி காட்டி வாங்குங்கள். ஐந்து நிமிடம் போதும். ஒரு வயது தாண்டும்வரை திடீர்த் திருப்பமும் உயரத் தாவலும் கூடாது, எலும்பு முதிர்ந்திருக்காது.

ஓட்டமெல்லாம் காலை ஏழுக்கு முன், மாலை ஆறுக்குப் பின். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. ராஜபாளையத்தின் இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் பொசுங்கும், உச்சிவேளையில் நிழலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு இரண்டு மூன்று தெரிவதுதான் ஆரோக்கியம். பார்ப்பவர்கள் “சோறே போடலையா” என்பார்கள், அதற்காகக் கொழுக்க வைக்காதீர்கள். கொழுப்பில்லாத உடம்பு என்பதால் மயக்க மருந்து சில வகைகளில் தெளிய நேரமாகும். அறுவைச் சிகிச்சை எதற்குப் போனாலும் இது வேட்டை நாய் வகை என்று மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். படுக்கக் கெட்டியான சாக்கோ பழைய மெத்தையோ போடுங்கள், வெறும் சிமெண்டுத் தரையில் முழங்கை தேய்ந்து புண்ணாகிவிடும்.